ஃபுல் ஒப்ஷன் இல்லாத ஹைலக்ஸை வன்னிச் சுரிக்கு ஆயத்தப்படுத்திறது எப்பிடி

என்ர கெப்பில ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில வரிசையா நாலு கறுப்பு மூடி இருக்கு, சுவிச் வரவேண்டிய இடம், ஆனா சுவிச் இல்லை. ஃபுல் ஒப்ஷன், அதாவது மேல் மொடல் வாங்கினவனுக்கு அதில டிஃப் லொக் சுவிச் வரும் (டிஃப் எண்டது அச்சின்ர நடுவில இருந்து ரெண்டு சில்லுக்கும் சுத்தைப் பிரிக்கிற பல்லுப்பெட்டி, லொக் எண்டது ரெண்டையும் ஒண்டாப் பூட்டிறது), எங்களுக்கு வெறும் மூடி. ஹைலக்ஸ் விகோ, 2.5 டீசல், லீவரால ஃபோர்வீல் போடுற சாதாரண மொடல், முந்தி ஒரு திட்டத்துக்கு ஓடினது, கைமாறிக் கைமாறி என்னட்ட வந்தது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் வாகனம் பெரும்பாலும் வரேல்லைத்தானே, அந்த அஞ்சு வருசத்தில பழைய கெப்புகள் ஏறின விலையைப் பாத்து மேல் மொடலுக்கு மாத்திற யோசினையை விட்டிட்டு இருக்கிறதையே கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவம் எண்டு துவங்கினன். நான் மெக்கானிக் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க வயல் இருக்கு, காலபோகத்துக்குப் பசளை ஏத்தவேணும், நெல்லு ஏத்தவேணும், மாரியில அந்தக் கிரவல் றோட்டில போய்வரவேணும், அவ்வளவுதான் என்ர தகுதி. கனபேர் கேக்கினம் என்னத்தை முதல்ல போடுறது, என்னத்தை விடுறது எண்டு, அதுக்குத்தான் இது.

கீழ படுத்துப் பாக்காமல் ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ

மேல் மொடலுக்கும் கீழ் மொடலுக்கும் வித்தியாசம் எண்டு சொல்லுறதில பாதி கண்ணுக்குத்தான். குரோம், தோல் சீற்று, பக்கத்தில ஏறுற பைப், ஸ்ரிக்கர். சேத்தில இழுக்கிறது மற்றப் பாதி, அதிலயும் பின்னால பொருத்தக்கூடியது கொஞ்சம், பொருத்த ஏலாதது கொஞ்சம். ஜீப் றாங்ளரைப் பாருங்கோ, எங்கட பக்கம் அதைக் காணக்கிடையாது எண்டாலும் உதாரணத்துக்கு நல்லது. ஸ்போர்ட் மொடலில லோ கியர் 2.72, ரூபிகோனில 4 (எண் கூடினா இழுவை கூட), அதோட ரூபிகோனுக்கு முன் பின் ரெண்டு டிஃப்பிலயும் லொக், முன் ஸ்ரபிலைசர் பாரைச் சுவிச்சால விடுவிக்கலாம், ரயர் பெரிசு. இதில லொக்கும் ரயரும் வாங்கிப் போடலாம். ட்ரான்ஸ்ஃபர் கேசை (கியர் பெட்டியில இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) மாத்தப் போனா காசு கனக்கப் போயிடும். அதேமாதிரி மிற்சுபிசி எல் 200 இல கீழ் மொடலுக்கு ஈசி செலக்ட், மேல் மொடலுக்கு சூப்பர் செலக்ட். சூப்பர் செலக்டில நடுவிலயும் ஒரு டிஃப் இருக்கிறதால மழை நேரம் தார் றோட்டிலயே ஃபோர்வீலில ஓடலாம், ஈசி செலக்டில அது ஏலாது. அதைப் பின்னால பொருத்தவேணும் எண்டு ஒரு தம்பி நிண்டவர், நான் வேண்டாம் எண்டன், பெட்டி வேற, வயர் வேற, கொம்பியூட்டர் வேற, உது முடியிற வேலை இல்லை.

இன்னொண்டு, கீழ் மொடலில சிலது மேல் மொடலை விட எங்களுக்குத் தோதா இருக்கும். தடிச்ச கமான் (பட்டை ஸ்பிரிங்), இரும்பு றிம் (வளைஞ்சா சுத்தியலால தட்டி எடுக்கலாம், அலோய் வெடிச்சா கதை முடிஞ்சுது), நிலத்துக்கு றப்பர் விரிப்பு, ஹோஸ் பிடிச்சுக் கழுவலாம். சில வண்டியில முன் சில்லுக்குக் கையால திருப்பிற ஹப் இருக்கும், அதைப் பழசு எண்டு நினைச்சுக் கழட்டிப்போடாதேங்கோ, அதைப்போல நம்பிக்கையான சாமான் இல்லை.

அப்ப படுத்து என்ன பாக்கிறது? மூண்டு விசயம். ஒண்டு, பின் டிஃப் என்ன இனம். முன் சில்லு ரெண்டுக்கும் கட்டை வச்சிட்டு, பின்பக்கத்தை ஜக்கில தூக்கி ஸ்ராண்டில இருத்தி, கியரை நியூட்ரலில விட்டு, ஹாண்ட்பிறேக்கை எடுத்துவிட்டு, ஒரு சில்லைக் கையால சுத்துங்கோ. மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுத்தினா அது சாதாரண டிஃப். ஒரே பக்கம் சுத்தினா உள்ளுக்க லிமிற்றட் சிலிப் (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்திறதை ஓரளவு தடுக்கிற இனம்) இருக்கு, அதுக்கு ஒயிலும் வேற, கடையில கேட்டு வாங்கோணும். ரெண்டு, சசியில முன்னுக்குப் போல்ற் ஓட்டைகள். ஒரே இனக் கெப் எண்டா மேல் மொடலுக்கும் கீழ் மொடலுக்கும் சசி பெரும்பாலும் ஒண்டுதான், அதால கொக்கி, பிளேற் பூட்டுற ஓட்டைகள் கனக்க வண்டியில சும்மா கிடக்கும். மூண்டு, வயர்க் கட்டில ரேப் சுத்தி மடிச்சுக் கட்டின பிளக் ஏதும் தொங்குதோ எண்டு. சில மொடலில மேல் மொடலின்ர வயர் வந்திருக்கும், சிலதில வந்திருக்காது, ஊகத்தில சாமான் வாங்காதேங்கோ.

ரயர்

காசு ஒரு சாமானுக்குத்தான் இருக்கு எண்டா அது ரயர், கதையே இல்லை. என்ர வண்டி வந்தது 205ஆர்16, மெல்லிசு, உயரம் கிட்டத்தட்ட 735 மில்லிமீற்றர். மேல் மொடலில வாற 265/65ஆர்17 கிட்டத்தட்ட 776. வித்தியாசம் 41, அதில பாதி, அதாவது 20 மில்லிமீற்றர்தான் டிஃப்புக்குக் கீழ கூடுற உயரம். ரெண்டு விரல் கூட இல்லை. ஆனா கிரவல் றோட்டின்ர நடுமேட்டில டிஃப் தட்டுறதும் தட்டாததும் அந்த ரெண்டு விரலுக்குள்ளதான் கிடக்கு.

அகலம் கூடினா நல்லம் எண்டு எல்லாரும் நினைக்கினம். அது மண்ணைப் பொறுத்தது. முல்லைத்தீவுக் கடற்கரை மணலுக்கு அகலம் நல்லம். மேல மெல்லிய சேறும் அடியில இறுக்கமான கிரவலும் இருக்கிற றோட்டுக்கு மெல்லிய ரயர் வெட்டிக்கொண்டு போய் அடிநிலத்தைப் பிடிக்கும், அகலமானது மேலால வழுக்கும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி வேற சாதி, அது பூவுக்குள்ள அப்பி ரயரை மொட்டையாக்கிப்போடும், அதுக்குப் பூ இடைவெளி கூடின மட் ரெறெயின் தான் வேணும். ஆனா கிழமையில நாலு நாள் ஏ9 இல ஓடுறவருக்கு மட் ரெறெயின் கரைச்சல், இரைச்சல், மழையில பிறேக் பிடிக்கவும் பயம். நான் ஓல் ரெறெயின் தான் போட்டன், அதைத்தான் சொல்லுவன்.

265 ரயரை பழைய ஒடுக்க இரும்பு றிம்மில ஏத்தக்கூடாது. மேல் மொடல் வச்சிருக்கிறவை இன்னும் பெரிய றிம்முக்கு மாறேக்க கழட்டி விக்கிற 17 இஞ்சி றிம் கிடைக்கும், அதைத் தேடுங்கோ. இதில ஒரு பொறி இருக்கு. ஹைலக்ஸும் எல் 200 உம் ரெண்டும் ஆறு போல்ற், ரெண்டும் 139.7 வட்டம், பாத்தா ஒண்டுதான். ஆனா நடு ஓட்டை ஹைலக்ஸுக்கு 106, எல் 200 க்கு 67. எல் 200 றிம் ஹைலக்ஸ் ஹப்பில ஏறவே ஏறாது. மச்சான் ஒருத்தன் நாலு றிம்மையும் காசு குடுத்து ஏத்திக்கொண்டு வந்து வீட்டில வச்சுப் பாத்திட்டு முத்தத்தில இருந்திட்டான்.

ரயர் பெருத்தா ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லும், மேல சொன்ன ரெண்டு அளவுக்கும் இடையில 5.6 வீதம் வித்தியாசம், மீற்றர் 60 காட்டேக்க வண்டி 63 இல ஓடும். ஸ்ரியரிங்கை முழுக்க வெட்டிப் பாருங்கோ, மட் காட்டில உரஞ்சினா கொஞ்சம் வெட்டிவிடவேணும். பிறகு காத்து. சேத்துக்கு 20 பிஎஸ்ஐ அளவு, மணலுக்கு 16, 18, இறக்கினாப் பிறகு மெதுவா ஓடவேணும், வெடுக்கெண்டு வெட்டினா ரயர் றிம்மை விட்டுக் கழண்டிடும், தாருக்கு ஏற முதல் திருப்பி அடிக்கவேணும். அதுக்கு பற்றறியில நேர கொழுவிற சின்னக் கொம்பிறசர் ஒண்டு. பத்துச் சாமானுக்குச் சமன் அது.

இழுவைக் கொக்கி

முன்னுக்குக் கீழ இருக்கிற மெல்லிய வளையம் கப்பலில ஏத்தேக்க கட்டுறதுக்கு வச்சது. இழுக்கிறதுக்கு இல்லை. எங்கட ஊரில வண்டி சேத்தில தாண்டா உடன உழவு மெசினைக் கூப்பிடுறது, மெசின்காரர் சங்கிலியைக் கொழுவி ஒரு வெட்டு வெட்டுவார், அந்த வளையம் நிமிந்து பறக்கும், பறந்தா ஆள் தப்பாது. சசியில ரெண்டு போல்ற்றால பூட்டுற, எவ்வளவு தாங்கும் எண்டு பொறிச்ச கொக்கி வாங்கிப் போடுங்கோ, போல்ற் தலையில 8.8 அல்லது 10.9 எண்டு இருக்கோணும், இலக்கமில்லாத போல்ற் வேண்டாம். பின்னுக்கு ட்ரெயிலர் கொழுவிற உருண்டையில ஒருநாளும் இழுக்கக்கூடாது, அது உடைஞ்சு ஆக்கள் செத்திருக்கினம். சங்கிலியோ கம்பிக் கயிறோ எது இழுத்தாலும் நடுவில ஒரு நனைஞ்ச சாக்கைப் போடுங்கோ, அறுந்தாலும் பறக்கிற வேகம் குறையும். சின்னப் பிள்ளையளை வேடிக்கை பாக்க விடாதேங்கோ, எங்கட ஊரில அதுதான் பெரிய பாடு, வண்டி தாண்டா திருவிழா.

மூச்சுக் குழாய்: ஆரும் சொல்லாத, காசு குறைஞ்ச வேலை

பின் அச்சில மேலால ஒரு சின்ன மூடி இருக்கும், விரல் நகம் அளவு. டிஃப் ஓடிச் சூடாகேக்க உள்ளுக்க காத்து விரியும், அந்த மூடியால வெளிய போகும். அந்தச் சூட்டோட தண்ணிக்க இறக்கினா டக்கெண்டு குளிந்து உள்ளுக்க காத்துச் சுருங்கும், சுருங்கினா உறிஞ்சும், எதை உறிஞ்சும்? தண்ணியை. மூடி அடைச்சிருந்தா சீலாலயே உறிஞ்சும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குள்ள ஓடின கனக்க வண்டியளுக்கு ரெண்டு மூண்டு மாசத்தால டிஃப் ஊளையிட்டதுக்குக் காரணம் இதுதான் எண்டு என்ர மெக்கானிக் பாஸ் சொல்லுவார். எனக்கும் நடந்தது. குளம் வான் பாஞ்ச நேரம் மதகடியால போய்வந்து ரெண்டாம் நாள் டிஃப்பின்ர மேல் நட்டைக் கழட்டி சின்னி விரலை விட்டுப் பாத்தன், விரல் பால்தேத்தண்ணிக்க விட்டமாதிரி வந்தது. ஒயில் தேன் நிறத்தில இருக்கவேணும், பால் கலந்தமாதிரி இருந்தா தண்ணி போட்டுது, அண்டைக்கே ஊத்திப்போட்டுப் புது ஒயில் விடவேணும், ரெண்டு கிழமை ஓடி இன்னொருக்கா மாத்தவேணும்.

வேலை இதுதான்: அந்த மூடியைக் கழட்டி, அதே புரிக்கு ஒரு ஹோஸ் முனையைப் பூட்டி, டீசல் ஹோஸ் ஒண்டைச் சசி வழியா மேல கொண்டு போய், எஞ்சின் அறைக்குள்ள ஃபயர்வோல் உயரத்தில கட்டி, முனையில ஒரு சின்ன ஃபில்டர் வைக்கிறது. முன் டிஃப், கியர் பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸ், எல்லாத்துக்கும் தனித்தனியா. அச்சு மேல கீழ ஆடும், அதால பின் ஹோஸில ஒரு முழம் தொய்வு விடுங்கோ, சைலன்சருக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ, எந்த இடத்திலயும் தொங்கி வளைஞ்சு தண்ணி தேங்கிற வயிறு வரக்கூடாது. ஒரு பின்னேர வேலை. பத்தாயிரம் பேர் ஸ்நோர்கல் (எஞ்சினுக்குக் காத்தைக் கூரை உயரத்தில எடுக்கிற குழாய்) போடுறான், பத்துப் பேர் இதைச் செய்யிறான்.

டிஃப் லொக்

இப்ப அந்த மூடிக்கு வருவம். சாதாரண டிஃப்பில ஒரு சில்லு சேத்தில வழுக்கினா சுத்து முழுக்க வழுக்கிற பக்கத்துக்கே ஓடும், மற்றச் சில்லு சும்மா நிக்கும். ஃபோர்வீல் போட்டும் முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு சுத்தும், வண்டி அசையாது. லொக் போட்டா பின் ரெண்டு சில்லும் ஒரே தடியில பூட்டினமாதிரி. சமநிலத்தில தேவையில்லை. ஒரு பக்கம் பள்ளத்தில ஒரு பக்கம் வரம்பில தூக்கி நிக்கேக்கதான் அதின்ர அருமை விளங்கும்.

வழி மூண்டு. காத்தால வேலை செய்யிற லொக், ஏஆர்பி மாதிரி அவுஸ்திரேலியச் சாமான், நல்லது, விலை கூட, அதின்ர கொம்பிறசரில ரயருக்கும் காத்தடிக்கலாம், ஆனா கிரவுண் வீலை (டிஃப்புக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சில்லு) கழட்டித் திருப்பி இருத்தவேணும், பல் இடைவெளியை டயல் கேஜ் வச்சு எடுக்கத் தெரிஞ்ச பாஸ் வேணும், கைக்கணக்கில இருத்தினா ஆயிரம் கிலோமீற்றருக்குள்ள ஊளையிடும். ரெண்டாவது, டிஃப்புக்குள்ள இருக்கிற சின்னப் பற்களை மட்டும் எடுத்திட்டு அந்த இடத்தில இருத்திற தானியங்கி லொக், கிரவுண் வீலைத் தொடத் தேவையில்லை, விலையும் குறைவு, ஆனா பின்னுக்குப் போட்டா வளைவில டக்டக் எண்டு சத்தம் வரும், ஈரத் தாரில பின்பக்கம் எறியப் பாக்கும், சுமை இல்லாத கெப்புக்கு எனக்கு அது விருப்பமில்லை. மூண்டாவது, ரொயோட்டாவின்ர சொந்த மின்சார லொக் உள்ள பழைய டிஃப். நான் போனது இந்த வழி.

லொக் டிஃப்பில மோட்டர் ஒண்டு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு நிக்கும், சாதாரண ஹவுசிங்கில அது நேர இருக்காது, விளிம்பு அராவவேணும், போல்ற் ஓட்டை அடிக்கவேணும். அதால ஹவுசிங்கோட பின் அச்சு முழுசாக் கிடைச்சா அதுதான் சுகம். கமான் இருக்கிற இடைவெளி, பிறேக் பைப், ஹாண்ட்பிறேக் கேபிள் மூண்டும் உங்கட வண்டியோட ஒத்து வருதோ எண்டு அளந்துபோட்டு வாங்குங்கோ. நான் அதெல்லாம் அளந்தன். ஒண்டை மட்டும் விட்டிட்டன்.

அச்சு பூட்டி முடிஞ்சு ரெண்டு கிழமை சோக்கா ஓடினது, சேத்தில லொக் போட்டா ஆடு மாதிரி ஏறினது, ஊரெல்லாம் காட்டித்திரிஞ்சன். பிறகு ஒருநாள் நெடுங்கேணிப் பக்கம் காய்ஞ்ச கிரவலில ஃபோர்வீலைப் போட்டு ரெண்டு கிலோமீற்றர் போயிருப்பன், ஸ்ரியரிங் இறுகினது, வண்டி பிறேக் பிடிச்சமாதிரி இழுபட்டது, ஃபோர்வீலை எடுப்பம் எண்டா லீவர் வரேல்லை. இழுக்கிறன், வரேல்லை. கடைசியா றிவேர்சில கொஞ்சம் விட்டாப் பிறகு டங் எண்டு ஒரு சத்தத்தோட விட்டுது. வீட்ட வந்து சோக்கட்டியால புரொப்பெல்லர் சாவ்ரில ஒரு கோடு, ரயரில ஒரு கோடு போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி, நானும் மச்சானும் ஆளுக்கொரு சில்லைப் பிடிச்சு ஒண்டா பத்துச் சுத்துச் சுத்தினம், மருமகள் கீழ குந்தியிருந்து சாவ்ர் சுத்திறதை எண்ணினவள். "நாப்பத்தொண்டு மாமா" எண்டாள். முன்பக்கத்தை அதேமாதிரி தூக்கி எண்ணினா முப்பத்தொன்பது. முன் டிஃப் 3.909, வாங்கின பின் டிஃப் 4.1. சேத்தில சில்லு வழுக்கிறதால அந்த வித்தியாசம் தெரியாது, இறுக்கமான நிலத்தில முன்னும் பின்னும் ஒண்டை ஒண்டு முறுக்கும், முறுக்கி முறுக்கி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். பிழை வித்தவரில இல்லை, நான் கேக்கேல்லை, அவர் சொல்லேல்லை.

அதால கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் சரி, தெரிஞ்ச ஆளட்ட வாங்கினாலும் சரி, வாங்க முதல் எண்ணுங்கோ. டிஃப் கையில இருந்தா பல்லையே எண்ணலாம், கிரவுண் 43 பினியன் (அதைச் சுத்திற சின்னப் பல்லு) 11 எண்டா 3.909, 41 க்கு 10 எண்டா 4.1. உங்கட வண்டியின்ர பிளேற்றில அச்சுக் குறியீடு அடிச்சிருக்கும், அதாலயும் கண்டுபிடிக்கலாம், ஆனா கைமாறின வண்டியில பிளேற்றை விடச் சோக்கட்டியை நம்புங்கோ.

எனக்குப் பிறகு அதிர்ஷ்டம் ஒண்டு அடிச்சது. பின் அச்சைத் திருப்பிக் குடுக்கேலாமல் முன்னுக்கு ஒரு 4.1 டிஃப் தேடி வாங்கிப் போட்டன், செலவுதான், ஆனா 265 ரயரால 5.6 வீதம் உயந்திருந்த கியர் 4.9 வீதம் இறங்கி வந்திட்டுது, ஸ்பீடோமீற்றர் கிட்டத்தட்டச் சரியாச் சொல்லத் துவங்கினது, பசளை ஏத்திக்கொண்டு ரெண்டாம் கியரில முக்கிறதும் நிண்டுது. திட்டம் போட்டுச் செய்தமாதிரி இப்ப ஆக்களுக்குச் சொல்லுறன்.

வயர் வேலையில ஒரு எச்சரிக்கை. மின்சார லொக் மோட்டருக்குச் சும்மா சுவிச் வச்சு 12 வோல்ற்றை விட்டுக்கொண்டே இருந்தா மோட்டர் எரிஞ்சு போகும், லொக்கைத் தள்ளுற முள்ளு (ஃபோர்க்) அங்கால போய்ச் சேந்தவுடன மின் நிக்கவேணும், மேல் மொடலில அதைக் கொம்பியூட்டர் பாக்குது. அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேத்து வாங்குங்கோ, இல்லாட்டி எல்லைச் சுவிச்சும் ரிலேயும் வச்சு வடிவாக் கட்டத் தெரிஞ்ச எலெக்ரீசியனைப் பிடியுங்கோ. ஃபியூஸ் பற்றறிக்குக் கிட்ட இருக்கவேணும், சுவிச்சுக்குக் கிட்ட இல்லை. டாஷில ஒரு சின்ன லைற்றும் வேணும், லொக் விழுந்திருக்கோ எழும்பிட்டுதோ எண்டு தெரியாமல் தாருக்கு ஏறினா வளைவில வண்டி நேர போகும்.

மற்றதுகள், சுருக்கமா

ஸ்நோர்கல்: புழுதிக்கு நல்லது, வைகாசி ஆனியில ஏர் ஃபில்டர் கன நாள் தாங்கும். தண்ணிக்கு அது காத்துக் குழாயை மட்டுந்தான் காப்பாத்தும், ஓல்ரனேற்றரையும் உங்களையும் காப்பாத்தாது. எஞ்சினுக்க தண்ணி போனா பிஸ்ரன் அமத்த ஏலாமல் கொன்றொட் வளையும், அது உண்மை, ஆனா ஃபில்டர் பெட்டியின்ர மூட்டுகளை அடைக்காமல் வெளிய குழாய் வச்சு என்ன பிரயோசனம்? பூட்டினாப் பிறகு எஞ்சினை ஐடிலில விட்டு மேல் வாயை உள்ளங்கையால பொத்துங்கோ, எஞ்சின் திணறவேணும். திணறாட்டி எங்கயோ ஓட்டை. மட்காட்டில வெட்டின விளிம்புக்குத் துருப்பெயின்ற் அடிக்க மறக்கிறவை கனபேர். வட்டுவாகல் பக்கம் மாதிரி உப்புத் தண்ணி எண்டா அண்டைக்கே கீழ கழுவோணும்.

அடிப் பிளேற்: மேல் மொடலில வாறதே தகரம்தான். 3 அல்லது 4 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை ஒட்டுவேலைக் கடையில மடிச்சு எடுங்கோ, ஒயில் நட்டுக்கு நேர ஓட்டை விடச் சொல்லுங்கோ, சசியில வெல்ட் பிடிக்க விடாதேங்கோ, போல்ற்றாலதான் பூட்டோணும். காய்ஞ்ச புல்லு பிளேற்றுக்கு மேல சேந்து சைலன்சர் சூட்டில பத்தும், வெயில் காலத்தில காட்டுப்பக்கம் போய்வந்தா கையை விட்டு இழுத்து எடுங்கோ.

உயத்திறது: 40, 50 மில்லிமீற்றரோட நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேல போனா முன் சாவ்ர் மூட்டின்ர கோணம் கூடி றப்பர் கிழியும், சேறு உள்ள போய் மூட்டுச் சாகும். பின்னுக்கு ஒரு கமான் தட்டைக் கூட்டிறது சுமைக்கு நல்லம், வெறுமையா ஓடேக்க நாரி முறியும்.

வின்ச் (முன்னுக்குப் பூட்டி, கயிறைச் சுத்தி வண்டியை இழுக்கிற மோட்டர்): கட்டாயம் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன், மூண்டு வருசத்தில நான் ரெண்டு தரம்தான் தேடினன். போடுறது எண்டா சுமையோட வண்டி நிறையின்ர ஒண்டரை மடங்கு இழுவை, ஹைலக்ஸுக்கு 9500 இறாத்தல் அளவு. முழு இழுவையில 400 அம்பியர் அளவுக்கு உறிஞ்சும், பழைய பற்றறியோட விளையாடாதேங்கோ. ட்ரம்மில கயிறு எவ்வளவு மிச்சம் சுத்தியிருக்கோ அவ்வளவுக்கு இழுவை குறையும், அதால கொஞ்சம் தள்ளி இருக்கிற மரத்தைப் பிடியுங்கோ, பாலையோ முதிரையோ, பட்டி போட்டுத்தான், கம்பியை நேர சுத்தினா மரம் பட்டுப்போகும். வயல் வெளியில மரம் இல்லாட்டி ஸ்பெயார் சில்லை நெஞ்சளவு குழி வெட்டித் தாட்டு அதில கொழுவலாம், மண்வெட்டி வண்டியில இருக்கவேணும்.

கண்டபடி லைற், கூரை றாக் எண்டு ஏத்தினா பொலிஸ் மறிக்கும், இன்சூரன்ஸ்காரருக்கு என்ன மாத்தினது எண்டு எழுத்தில குடுத்து வையுங்கோ.

இவ்வளவும் போட்டாப் பிறகு சோதிச்சுப் பாக்க ஆசை வரும், அது ஞாயம். தெரிஞ்ச வயல் றோட்டில, மெசின் ஓடின தடத்தில பாருங்கோ. சிவப்புப் பலகையில மண்டையோடு போட்ட இடம் இன்னும் இருக்கு, மிதிவெடி எடுத்து முடியாத காணிக்குள்ள லொக்கும் வின்ச்சும் ஒண்டும் செய்யாது, பலகை விழுந்து கிடந்தாலும் தடத்தை விட்டு ஒரு சில்லும் இறங்கக்கூடாது. தண்ணி எண்டா முதல்ல தடி ஒண்டோட ஆள் நடந்து பாக்கிறது, குளக்கரையில எண்டா முதலையையும் யோசிச்சுக்கொண்டு.

கடைசியா ஒண்டு, லொக் போட்ட கனபேர் மாரி முடிஞ்சா அதை மறந்திடுவினம். ஆறு மாசம் அசையாமல் கிடந்தா முள்ளு துருப்பிடிச்சு இறுகி, ஐப்பசியில தேவைப்படேக்க சுவிச்சை அமத்த லைற் மினுங்கிக்கொண்டே நிக்கும், விழாது. மாசத்தில ஒருக்கா கிரவலில இறக்கி, மெதுவா நேர ஓடிக்கொண்டு ஒருக்காப் போட்டு எடுங்கோ, எடுத்தாப் பிறகு கொஞ்சம் இடம் வலம் ஆட்டுங்கோ, பல்லு கழண்டு லைற் நூரும். நூந்தாப் பிறகு தாருக்கு ஏறுங்கோ.